Re: பிறை பிளாஸ்டிக் தொழிற்சாலை – 500 கிலோவாட் சோலார், 20 வருட ஒப்பந்தம், கையெழுத்துப் போடலாமா?

வணக்கம். சோலார் நிறுவனத்திடம் 20 வருடம் யூனிட் கணக்கில் மின்சாரம் வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குப் போடாதீர்கள்.

அந்த நிறுவனத்தார் உங்கள் மொத்த மின் பில்லை யூனிட்டால் வகுத்து வரும் விலையோடு சோலார் விலையை ஒப்பிட்டிருக்கிறார்கள். அது தவறு. ஜூலை 2025 முதல் மலேசிய மின் நிறுவனமான தெனாகாவின் பில்லில் ஆற்றல், திறன், வலையமைப்புக் கட்டணங்கள் தனித்தனி. உங்களைப் போன்ற மீடியம் வோல்டேஜ் இணைப்பில் பின்னவை இரண்டும் மேக்சிமம் டிமாண்ட் கிலோவாட்டுக்குத்தான், அதாவது மாதத்தில் ஏதாவது ஓர் அரை மணி நேரத்தில் நீங்கள் எடுத்த அதிகபட்ச மின்சார அளவுக்கு. மாதத்தில் ஓர் அரை மணி நேரம் மழைமேகம் மூடி, எல்லா மெஷினும் ஓடினால் போதும், டிமாண்ட் பழையபடி பதிவாகிவிடும். ஆகவே ஆற்றல் கட்டணத்தோடும், மாதாமாதம் மாறும் எரிபொருள் விலைச் சரிக்கட்டலோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

நீங்கள் நேரவாரிக் கட்டணத்தில் இருந்தால் இன்னொன்று: உச்ச நேரம் வார நாட்களில் மதியம் 2 முதல் இரவு 10 வரை. காலை வெயிலில் வரும் யூனிட் மலிவான யூனிட்டைத்தான் மிச்சப்படுத்தும்.

முதலில் 12 மாத அரை மணி நேர லோட் விவரத்தை எடுங்கள். 500 கிலோவாட் மாதம் ஏறக்குறைய 50,000 யூனிட் தரும். ஞாயிறு ஆலை மூடியிருந்தால் அன்றைய உற்பத்தி எங்கே போகும்? "உற்பத்தியான யூனிட் அனைத்துக்கும் பணம்" என்ற விதி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். விலை வருடாவருடம் ஏறும் விதியையும்தான். ஏற்றுமதி வாடிக்கையாளர் பசுமைச் சான்றிதழ் (புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பதற்கான சான்று) கேட்பார் என்றால், அது யாருக்குச் சொந்தம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பவர் ஃபேக்டரையும் (எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதம்) பாருங்கள். சோலார் வந்தபின் அது 0.85க்குக் கீழே இறங்கி அபராதம் வருவதுண்டு. அதைச் சரிசெய்யும் கெப்பாசிட்டர் பேங்க் கருவியின் செலவு யாருடையது என்று இப்போதே கேளுங்கள்.