மேனேஜர் தேர்வு சறுக்கினால் இயக்குநர்கள் மீது வழக்குப் போட முடியுமா?

கேள்வி: கிழக்கு லண்டனில் வேலை பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்தே மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். ஆசைக்காக நியூயார்க் பங்குச் சந்தையில் அதன் பங்குகள் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன். 2024 ஜூலையில் அணியின் மேனேஜர் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தார்கள். அக்டோபரிலேயே அவரை நீக்கிவிட்டார்கள். இதில் போன பணத்துக்கு இயக்குநர் குழு பொறுப்பில்லையா? நான் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. டென் ஹாக்கையும் அவருடைய உதவியாளர்களையும் அனுப்பியதற்கு ஆன செலவு 1.04 கோடி பவுண்டு. நாலு மாதம்கூட நிலைக்காத முடிவுக்கு இது பெரிய தொகை. ஆனாலும், இப்போது உங்கள் கையில் இருப்பதை மட்டும் வைத்து வழக்குப் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முதலில், நீங்கள் பங்கு வாங்கிய நிறுவனம் எந்த நாட்டுடையது என்று பாருங்கள். கிளப்பை நடத்தும் துணை நிறுவனங்கள் இங்கிலாந்தில் பதிவானவை. உங்கள் பங்கோ கேமன் தீவுகளில் பதிவான தாய் நிறுவனத்தில் இருக்கிறது. எனவே பிரிட்டனின் 2006 கம்பெனிகள் சட்டத்தில் பங்குதாரருக்குத் தரப்பட்டிருக்கும் வழிகளை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. அதோடு, புரோக்கர் மூலம் வாங்கியவர் பெயர் பெரும்பாலும் பங்குதாரர் பதிவேட்டில் இருக்காது. கேமனில் வழக்காடும் தகுதியையே இது பாதிக்கும்.

அடுத்தது, நஷ்டம் யாருடையது என்பது. 1843-இல் இங்கிலாந்தில் ஃபாஸ் எதிர் ஹார்பாட்டில் வழக்கில் வகுத்த விதி இன்றும் நிற்கிறது, கேமனிலும் அதுதான். நிறுவனத்துக்கு நேர்ந்த கெடுதலுக்கு வழக்குப் போட வேண்டியது நிறுவனமே. பங்கு விலை இறங்கியது என் சொந்த நஷ்டம் என்று வாதிட்டாலும் எடுபடாது. அந்த நஷ்டம் நிறுவனத்தின் நஷ்டத்தோட நிழல்தான் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2020-இல் மாரெக்ஸ் வழக்கில் திரும்பவும் உறுதி செய்தது. நிறுவனத்தையே வழக்குப் போட வைக்கலாமே என்றால், உங்களிடம் இருக்கும் ஏ வகைப் பங்குக்கு ஒரு வாக்கு, கிளப்பின் பெரும்பான்மை உரிமையாளரான கிளேசர் குடும்பம் பெரும்பான்மையாக வைத்திருக்கும் பி வகைப் பங்குக்குப் பத்து வாக்கு; முடிவு அவர்கள் கையில்தான். கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் நிறுவனத்தை ஏமாற்றித் தாங்களே லாபம் பார்த்திருந்தால் மட்டும், நீதிமன்ற அனுமதியோடு நிறுவனத்தின் சார்பில் நீங்கள் வழக்கை நடத்தலாம்.

சரி, இதையெல்லாம் தாண்டினாலும், குழு செய்த தவறு என்ன என்ற கேள்வி இருக்கிறது. தப்பாகப் போன முடிவு வேறு, கடமை தவறிய முடிவு வேறு. இயக்குநர்கள் நேர்மையாக, போதிய கவனத்தோடு எடுத்த நிர்வாக முடிவு சரியா தப்பா என்று நீதிமன்றம் மறுவிசாரணை செய்யாது. 1974-இல் ஹோவர்ட் ஸ்மித் எதிர் ஆம்போல் வழக்கில், கேமனுக்கும் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாகவே சொன்னது. அந்தக் கோடையில் இன்னொரு மேனேஜரான தாமஸ் டூகெலிடமும் கிளப் பேசியதாக டென் ஹாக்கே சொன்னார். ரசிகருக்கு அது தடுமாற்றம். நீதிபதிக்கோ, வேறு ஆளையும் பார்த்து, ஒப்பிட்டு முடிவெடுத்தார்கள் என்பதற்கான சாட்சி! அதற்குச் சற்று முன் எஃப்ஏ கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வென்றிருந்ததும் அவர்களுக்குச் சாதகம்தான். ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டார்கள், இயக்குநரின் உறவினர் ஏஜென்டாக இருந்து கமிஷன் வாங்கினார் என்று ஏதாவது இருந்தால் கதையே மாறிவிடும்.

மேனேஜர் விஷயத்தில் கிளப்புகள் தோற்றதே இல்லை என்று எண்ண வேண்டாம். வழக்கமாக அப்படி ஜெயிப்பவர் பங்குதாரர் அல்ல, மேனேஜர். தன் சம்மதம் இல்லாமல் ஒரு வீரரை எடுத்தார்கள் என்று நியூகாசில் கிளப்பை விட்டு விலகிய மேனேஜர் கெவின் கீகனுக்கு 2009-இல் நடுவர் மன்றம் 20 லட்சம் பவுண்டு கொடுக்கச் சொன்னது.

உங்களுக்கு மிச்சம் இருப்பது அமெரிக்கப் பங்குச் சட்டம். கிளப் அங்கே தாக்கல் செய்த அறிக்கையில் முக்கியமான ஒன்றை வேண்டுமென்றே பொய்யாகச் சொல்லி, அதனால் நீங்கள் பங்கு வாங்கி நஷ்டப்பட்டிருந்தால், அந்த வழக்கு உங்கள் சொந்த வழக்கு. "எங்களுக்கு இவர் மேல் நம்பிக்கை இருக்கிறது" என்று பொதுவாகச் சொன்னதெல்லாம் இதில் சேராது. பொய் தெரியவந்ததிலிருந்து 2 ஆண்டு, எப்படியும் பொய் சொன்னதிலிருந்து 5 ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதால், வாங்கிய தேதி உள்ள புரோக்கர் ரசீதுகளையும் அந்த ஆண்டுகளின் அறிக்கைகளையும் முதலில் எடுத்து வையுங்கள். அவற்றில் அப்படி ஏதாவது கண்ணில் பட்டால், தாமதிக்காமல் நியூயார்க்கில் பங்குச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.