ஆண் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் உலகில் எங்கே அதிகம், எங்கே குறைவு? ஏன்?

விகிதத்தைக் கேட்கிறீர்கள் என்றால், சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில்தான் அதிகம். உலகம் முழுவதையும் சேர்த்தால் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் ஆண்கள். இது யுனெஸ்கோ கணக்கு. அந்தப் பகுதியில் மட்டும் ஆண்கள் பாதிக்கு மேல். சாட், லைபீரியா போன்ற நாடுகளில் ஐந்தில் நான்கு பேர் வரை ஆண்களே.

மறுமுனையில் மத்திய ஆசியா. அங்கே பத்துக்கு ஒருவர்தான் ஆண். ரஷ்யாவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர், இத்தாலியிலும் ஹங்கேரியிலும் ஐந்து பேர் இருந்தாலே அதிகம். இங்கிலாந்தில் ஏழில் ஒருவர். ஜப்பானில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். பணக்கார நாடுகளில் இது உயர்ந்த அளவு.

இதைப் படித்துவிட்டு, ஆப்பிரிக்க ஆண்களுக்குக் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பதில் ஆர்வம் அதிகம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. சாட்டில் ஆண் ஆசிரியர்கள் நிறைந்திருப்பதற்குக் காரணம், உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் பெண்கள் அங்கே மிகக் குறைவு என்பதுதான். ஆசிரியர் பயிற்சிக்குப் போகவே ஆள் இல்லை. படித்த சிலரும் நகரத்தைத் தாண்டி, தங்க வீடில்லாத, பாதுகாப்பில்லாத கிராமத்துக்குப் போகத் தயங்குகிறார்கள். தயங்கத்தானே செய்வார்கள்?

அதே ஆப்பிரிக்காவில் லெசோத்தோவைப் பாருங்கள். அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பல தலைமுறைகளாக ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போனார்கள், பையன்கள் மலையில் ஆடு மாடு மேய்த்தார்கள். பள்ளிக்கூடம் போனவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள், அதனால் ஆசிரியர் வேலையும் அவர்கள் கைக்கு வந்தது. கண்டம் ஒன்றுதான், யார் படித்தார்கள் என்பது வேறு. என்னைக் கேட்டால் இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள லெசோத்தோ ஒன்றே போதும்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காரணம் வேறு. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் பொதுப்பள்ளிகள் பெருகியபோது பெண்களை நியமித்தார்கள். ஆணுக்குத் தருவதைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்தால் போதும் என்பது அதில் பெரிய காரணம். ஆண்கள் கூடுதல் சம்பளம் உள்ள வேறு வேலைகளுக்கு நகர்ந்தார்கள், சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது பெண்கள் வேலை என்ற எண்ணமும் ஊறிப்போனது.

தமிழ்நாட்டில் இந்த மாற்றத்துக்கு அரசே வழி செய்தது. 1989-91-இல் இருந்த கலைஞர் ஆட்சியில், ஐந்தாம் வகுப்பு வரை பெண்களையே ஆசிரியர்களாக நியமிப்பது என்று முடிவெடுத்தார்கள். எங்கள் ஊர் ஒன்றியப் பள்ளியில் அப்பாவுக்கு எல்லாரும் வாத்தியார்கள், என் மகளுக்கு எல்லாரும் டீச்சர்கள். அந்த முடிவால் எத்தனையோ குடும்பங்களில் முதல் மாதச் சம்பளம் ஒரு பெண்ணின் கைக்கு வந்தது, அது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. இருந்தாலும் ஒன்றாம் வகுப்புக்கு அன்பாகப் பாடம் எடுக்கும் ஓர் ஆணையும் பிள்ளைகள் பார்த்து வளர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இரண்டும் முரண் இல்லை.

அப்புறம், தொடக்கப்பள்ளி எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். மேல்வகுப்புக்குப் போகப் போக ஆண்களின் பங்கு கூடும். தொடக்கப்பள்ளியில் ஆண்களே அரிதான நாடுகளிலும் தலைமையாசிரியர் நாற்காலியில் அவர்களின் விகிதம் அதைவிட அதிகம்.

இனி வரும் ஆண்டுகளில் ஆப்கானிஸ்தானின் எண்ணைக் கவனியுங்கள். 2021-க்குப் பிறகு அங்கே பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டது, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. இன்று பாடம் நடத்தும் டீச்சர்கள் ஓய்வு பெறும்போது அந்த இடத்துக்கு வரப் படித்த பெண்கள் இருக்கமாட்டார்கள். அந்த நாட்டில் ஆண் ஆசிரியர் விகிதம் ஏறினால் அதற்குக் காரணம் இந்தத் தடைதான்.