அம்மாவின் விறகுக்கட்டு காட்டை அழிக்கிறதா?

கேள்வி: எங்களுடையது புலிகள் காப்பகத்தை ஒட்டிய மலைக்கிராமம். அம்மா இன்றும் காட்டுக்குப் போய்த்தான் விறகு கொண்டுவருகிறார். "உங்களை மாதிரி ஆட்களால்தான் காடு அழிகிறது, அதுதான் இலவச காஸ் கொடுத்தாச்சே" என்கிறார்கள் கல்லூரித் தோழிகள். என்ன பதில் சொல்வது?

பதில்: அம்மா கொண்டுவரும் கட்டை அவிழ்த்துக் காட்டுங்கள், அதுவே பதில். காய்ந்து விழுந்த சுள்ளியும் கிளையும்தான் இருக்கும். பச்சை மரத்தை வெட்டிச் சும்மாட்டில் வைத்து அவ்வளவு தூரம் சுமக்க முடியுமா? அடுப்பில் வைத்தாலும் புகைந்து கண்ணைக் கெடுக்கும்.

2016ல் வந்த உஜ்வலா திட்டத்தில் இணைப்புதான் இலவசம். 14.2 கிலோ சிலிண்டர் தீர்ந்தால் மறுபடி வாங்க மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும், அன்றாடக் கூலி வாங்கும் வீட்டில் அது லேசில்லை. நான் போய்த் தங்கிய ஒரு மலை வீட்டில் விருந்தாளிக்கு டீ போட மட்டும் காஸ். ராகிக்களிக்கும் வெந்நீருக்கும் விறகுதான்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். ஒரே ஊர் ஆட்கள் நடந்து போகிற தூரத்துக்குள்ளேயே வருஷக்கணக்காகப் பொறுக்கினால் காய்ந்த விறகு தீர்ந்துபோகும், அப்புறம் பச்சைக் கிளையில்தான் கை வைக்க வேண்டிவரும். அதைவிட எனக்கு அம்மாவைப் பற்றித்தான் கவலை. அடுப்புப் புகை ஒரு பக்கம், வெளிநாட்டிலிருந்து வந்து காட்டில் பரவிய உண்ணிச்செடிப் (லாண்டானா) புதர் இன்னொரு பக்கம். அதற்குப் பின்னால் யானை நின்றால் கிட்டே போகும்வரை தெரியாது.

அந்த உண்ணிச்செடி விஷயத்தையும் தோழிகளிடம் சொல்லுங்கள். சத்தியமங்கலத்தை ஒட்டிக் கர்நாடகப் பக்கம் இருக்கிறது பிலிகிரிரங்கன் மலை. அங்கே வாழும் சோளகர் பழங்குடிகள் கோடைத் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் தீ வைப்பது வழக்கம், தீ தரையோடு ஓடி அணைந்துவிடும். 1974ல் சரணாலயம் வந்தது, தீயும் நின்றது. 1997க்கும் 2008க்கும் இடையில் ஆய்வாளர்கள் பார்த்தபோது, உண்ணிச்செடி பிடித்த இடங்கள் சுமார் இரண்டு மடங்காகியிருந்தன. நெல்லி மரங்களிலும், மரத்தின் சத்தை உறிஞ்சி வாழும் புல்லுருவி ஏறிக் காய்ப்பைக் கெடுத்தது. தீ நின்றதுதான் இரண்டுக்கும் காரணம் என்று சோளகர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், ரொம்ப நாள் யாரும் காதில் வாங்கவில்லை. தேன், நெல்லிக்காய், கல்பாசி என்று வீட்டு வருமானத்தில் ஏறக்குறைய பாதியைக் காடு கொடுத்துவந்த ஜனங்களுக்கு, 2006ல் அதைச் சேகரிக்கவும் தடை வந்தது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. தினமும் காட்டுக்குள் நடப்பவர்களுக்குத்தானே எந்த மரம் நோயில் விழுகிறது என்று முதலில் தெரியும்? 2011ல் பிலிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகமானது. அதே வருஷம்தான் வன உரிமைச் சட்டப்படி அங்குள்ள சோளகர் கிராமசபைகளுக்குச் சமூக உரிமையும், அதாவது காட்டின்மீது ஊருக்கே பொதுவான உரிமையும், கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை.

கேள்வி: அப்படியானால் எங்கள் ஊரும் கேட்கலாமா?

பதில்: தாராளமாக. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காப்பகங்களுக்கும் பொருந்தும். பழங்குடிகள் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்து காட்டை நம்பியிருந்தால் போதும், மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் இருந்ததாகக் காட்ட வேண்டும். தேன், மூங்கில் மாதிரியான சிறு வனப்பொருளைச் சேகரிக்க, விற்க உரிமை கேட்கலாம். வழிவழியாக விறகு எடுத்துவந்ததையும் அதில் சேருங்கள். தனி ஆளாகப் போகாதீர்கள். கிராமசபையைக் கூட்டி, வன உரிமைக் குழு அமைத்து, சமூக உரிமைக்கான 'பி' படிவத்தில் எழுதிக் கொடுங்கள். காகிதம் இல்லையே என்று பயப்பட வேண்டாம், ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிக் கொடுத்தால் அதுவும் சான்றுதான். எந்த ஓடைக்கரையில் என்ன பொறுக்கினார்கள், எந்தப் பாறையில் தேன் எடுத்தார்கள் என்று வயதானவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுத ஆரம்பியுங்கள்.