ஞாயிறு ஃபுல், மற்ற நாளுக்கு என்ன?

கேள்வி: ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு இரவு ஃபுல் பேக்கப், மற்ற நாட்களில் இன்கிரிமென்டல் என்று முன்பு ஒருவர் செட் செய்து கொடுத்தார். இப்போது வரும் சர்வீஸ்காரர், "டிஃபரன்ஷியலுக்கு மாற்றுங்கள் மேடம், அதுதான் நல்லது" என்கிறார். மொத்தம் 40 ஜிபி இருக்கும். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இருவரும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் இருவருமே உங்களிடம் ஒன்றைக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டர் படுத்துவிட்டால், எத்தனை ஃபைல் எடுத்துப் போட்டால் வியாழன் மாலைக் கணக்கு திரும்பி வரும்?

மளிகைக் கடைப் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று பழைய பாக்கி முழுவதையும் எழுதியாகிவிட்டது, அது ஃபுல். திங்கள் வாங்கியதைத் திங்கள் தாளில், செவ்வாய் வாங்கியதைச் செவ்வாய்த் தாளில் மட்டும் எழுதினால் இன்கிரிமென்டல். புதன் தாள் கிழிந்துபோனால் கூட்டல் உதைக்கும். டிஃபரன்ஷியலில், ஞாயிறுக்குப் பிறகு வாங்கிய அத்தனையையும் ஒவ்வொரு நாளும் புதுத்தாளில் முதலிலிருந்து எழுதுவார்கள். வேலை அதிகம். ஆனால் ஞாயிறு தாளும் கடைசித் தாளும் இருந்தால் போதும், நடுவில் எது தொலைந்தாலும் கவலையில்லை.

உங்கள் 40 ஜிபியில் தினமும் 1 ஜிபி புதிதாகச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவில் இன்கிரிமென்டலுக்கு மொத்தம் 46 ஜிபி இடம் போயிருக்கும். டிஃபரன்ஷியலுக்கு 1, 2, 3 என்று ஏறி 61 ஜிபி. வெள்ளிக்கிழமை மீட்க, முன்னதற்கு ஐந்து ஃபைல் வேண்டும், பின்னதற்கு இரண்டு. 15 ஜிபியை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்? டிஃபரன்ஷியலுக்கே மாறுங்கள். இரவோடு இரவாக இணையம் வழியாக வேறு ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் மட்டும் இன்கிரிமென்டல் லாபம்.

நான் இப்படிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கரூரில் கடை வைத்திருந்தபோது ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்துக்கு இன்கிரிமென்டல் செட் செய்து கொடுத்தவன் நான்தான். ஒரு புதன்கிழமை இரவு கரன்ட் போயிருக்கிறது. யுபிஎஸ் பேட்டரியும் செத்துப்போயிருக்க, அன்றைய பேக்கப் பாதியில் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை ஹார்டுடிஸ்க்கும் போயிற்று. ஞாயிறு, திங்கள், செவ்வாய் வரை அழகாக ஏறியது. புதனில் நின்றது. வியாழன் ஃபைல் நல்லபடி இருந்தும், புதனைத் தாண்டி அதைப் போட அந்த மென்பொருள் மறுத்துவிட்டது. அன்று இரவு பதினொரு மணி வரை நான் பேக்கிங் லிஸ்ட்டை வாசிக்க, அங்கிருந்த அக்கவுன்டன்ட் தம்பி திரும்ப டைப் செய்தார். அதற்கு நான் பில் போடவில்லை.

இன்னொன்று. எந்த ஃபைல் மாறியது என்று கண்டுபிடிக்க, பழைய விண்டோஸ் மென்பொருள்கள் பல, ஃபைலில் இருக்கும் ஒரு சின்னக் கொடியைப் பார்க்கும். ஃபைல் மாறினால் கொடி ஏறும். ஃபுல்லும் இன்கிரிமென்டலும் வேலை முடிந்ததும் கொடியை இறக்கிவிடும், டிஃபரன்ஷியல் தொடாது. அந்த மாதிரி மென்பொருள் உங்களுடையது என்றால், வார நடுவில் யாராவது "எதற்கும் ஒரு காப்பி" என்று வேறு மென்பொருளில் ஃபுல் எடுத்து வைக்க விடாதீர்கள். அது கொடிகளை இறக்கிவிடும். மாறிய ஃபைல்களை இரவு பேக்கப் கண்டுகொள்ளாது. அப்புறம், கணக்கு எழுதும் டேலி மென்பொருள் திறந்திருக்கும்போது அதன் ஃபோல்டரைக் காப்பி எடுக்க வேண்டாம். மூடிவிட்டு எடுங்கள், அல்லது டேலிக்குள்ளேயே உள்ள பேக்கப் வசதியில் எடுங்கள்.

கேள்வி: கல்யாண போட்டோ எடுப்பவன். எல்லாப் படமும் கூகுள் டிரைவோடு சிங்க் ஆகிறது. போதாததற்கு, ஒன்றில் எழுதினால் இன்னொன்றிலும் பதியும் இரட்டை டிஸ்க் பெட்டியும் வாங்கிவிட்டேன். இதற்கு மேல் பேக்கப் வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டும் தம்பி. நீங்கள் வைத்திருப்பவை இரண்டும் கண்ணாடி. நீங்கள் கை தூக்கினால் அதுவும் தூக்கும். தப்பான ஃபோல்டரை அழித்தால் டிரைவிலும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு இல்லை. ஆல்பம் பார்த்துவிட்டு "தாலி கட்டுற படத்துல ஒண்ணு மாத்துங்க" என்று பெண் வீட்டார் மூன்று மாதம் கழித்துத்தானே வருவார்கள்? இரட்டை டிஸ்க், ஒரு டிஸ்க் செத்தால் மட்டுமே காப்பாற்றும். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் பூட்டும்.

3-2-1 என்று சொல்வார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். உங்களுக்கு, ஸ்டுடியோவில் ஒரு வெளி டிஸ்க், மாமனார் வீட்டில் ஒன்று என்றாலே பாதி பயம் போய்விடும். காப்பி ஆனதும் கேபிளைக் கழற்றி வையுங்கள். இரண்டு இடத்தில் படம் ஏறும் வரை மெமரி கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். மறுநாள் வளைகாப்பு ஆர்டர் இருந்தாலும் சரி, இன்னொரு கார்டு வாங்குங்கள்.

கேள்வி: பேக்கப் சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "வெற்றி" என்று தினமும் மெயில் வருகிறது.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மெயிலை நம்பாதீர்கள். கிட்லேப் என்ற நிறுவனம் தெரிந்திருக்கும். மென்பொருள் எழுதுபவர்கள் தாங்கள் எழுதிய புரோகிராம்களை வைத்துக்கொள்ளும் இடம். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர், வேறு சர்வர் என்று நினைத்து நேரடியாக ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப் இருக்கிறதே என்று திறந்தால், தினசரி பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல அனுப்பிய மெயில்களும் போய்ச் சேரவில்லை. ஒருவர் சோதனைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுத்து வைத்த பிரதிதான் கடைசியில் கைகொடுத்தது. இவ்வளவையும் மறைக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள், மீட்பு வேலையை நேரலையிலும் காட்டினார்கள். அதற்கு ஒரு கும்பிடு.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பேக்கப்பிலிருந்து ஏதாவது பத்து ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் புது ஃபோல்டரில் மீட்டுத் திறந்து பாருங்கள். பழைய இடத்திலேயே மீட்டுவிடாதீர்கள், இன்றைய ஃபைல் மேல் நேற்றையது ஏறி உட்கார்ந்துகொள்ளும். பேக்கப்புக்கு பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதையும் அன்று டைப் செய்து பாருங்கள். வேலையை விட்டுப் போனவரின் மண்டையில் மட்டும் பாஸ்வேர்டு இருந்த அலுவலகங்கள் மூன்றை நான் பார்த்திருக்கிறேன்.