தோண்டாமலே குழாய்க் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

சாலையைத் தோண்டாமல், மண்ணுக்கடியில் குடிநீர்க் குழாய் எங்கே கசிகிறது என்று எப்படித் தெரியும்? பெரும்பாலும் காதால்தான். வெளியே தலைகாட்டாமல் மண்ணுக்குள்ளேயே போய்விடும் தண்ணீரைத்தான் மறைகசிவு என்கிறோம்.

அழுத்தத்தோடு ஓடும் நீர் சின்ன ஓட்டையில் பீறிடும்போது குழாய் அதிரும்; அந்தச் சத்தம் குழாய் வழியாகவே பரவும். குக்கரில் விசில் வராமல் ஓரத்தில் 'உஸ்ஸ்' என்றால், கேஸ்கட் போச்சு என்று பக்கத்து அறையிலிருந்தே சொல்லிவிடுவோமே, அதே கதைதான்.

டோக்கியோவில் ஊர் அடங்கியபின் ஊழியர்கள் நீளக் கம்பியின் ஒரு முனையை மீட்டரில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்கள். ராத்திரியில் சந்தடி கிடையாது, வீடுகளில் புழக்கமும் குறைவு. அப்போதும் ஒரு பகுதிக்கு நீர் நிறையப் போனால் சந்தேகம்தான். குழாயில் இரண்டு இடங்களில் சென்சார் பொருத்தி, சத்தம் எதை முதலில் எட்டியது என்ற நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிடுவதும் உண்டு. பிளாஸ்டிக் குழாய்தான் தலைவலி, சத்தத்தை அமுக்கிவிடும். இப்படித் தேடித் தேடியும் பழைய குழாய்களை மாற்றியும் டோக்கியோவில் கசிவை, அனுப்பும் நீரில் சுமார் 3 - 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஈரம் தெரியும் இடத்திலேயே ஓட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் மண்ணுக்குள் பள்ளம் பார்த்து ஓடி, எங்கோ தள்ளிப் போய்த்தான் எட்டிப்பார்க்கும்.