கார் பிரேக் டிஸ்க் ஏன் வெடிக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: ரேஸ் ட்ராக்கில் இரண்டே நாள் ஓட்டினேன். முன் டிஸ்க்கில் மயிரிழை மயிரிழையாகக் கீறல். வார்ப்பு மோசமா சார்?

பதில்: வார்ப்பைத் திட்டும் முன் ஒரு கணக்கு. 1500 கிலோ கார் 200 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் சுமார் 23 லட்சம் ஜூல் வெப்பம். 9 கிலோ முன் டிஸ்க் ஒவ்வொன்றும் அதில் மூன்றில் ஒரு பங்கை வாங்கினால், ஒரே பிரேக்கில் சராசரியாக 170 டிகிரி ஏறும். மேல்தோல் அதைவிட எக்கச்சக்கமாகச் சுடும். அது விரியப் பார்க்கும். உள்ளே இன்னும் சூடேறாத இரும்பு விடாது. மேல்தோல் நசுங்கிப்போகும். அப்புறம் ஆறும்போது நசுங்கிய தோல் பழைய இடத்தை நிரப்பப் போதாமல் இழுபடும். வார்ப்பிரும்பு அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. ஆக, வாய் பிளப்பது ஆறும்போதுதான். கடைசி லேப்பை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள்.

கீறலின் குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கினாலோ, கீறல் விளிம்பைத் தொட்டிருந்தாலோ கழற்றிவிடுங்கள்.

கேள்வி: துளை போட்ட டிஸ்க் சீக்கிரம் ஆறுமாமே?

பதில்: துளையோரத்தில் இழுவிசை ஏறத்தாழ மூன்று மடங்கு. முதல் விரிசல் அங்கேதான் கிளம்பும். போதாததற்கு, வெப்பம் வாங்க இருந்த இரும்பையும் குடைந்து எடுத்தாயிற்று.

கேள்வி: அப்படியானால் போர்ஷே ஏன் துளையோடு தருகிறது?

பதில்: இதை எதிர்பார்த்தேன். ஈரத்தில், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் உடனே கடிக்கும், எடை குறையும். டிஸ்க் அளவும் துளை வரிசையும் சேர்த்துக் கணக்குப் போட்டவை. அப்படியும் ட்ராக்கில் ஓட்டினால் துளையோரம் விரிசல் வரத்தான் செய்கிறது.

கேள்வி: சாதா டிஸ்க்கில் நானே ட்ரில் போடலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: ஸ்டியரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் வளைவதில்லை. பேட் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். சூட்டோடு நிறுத்தி பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இருந்தீர்களா? ஹேண்ட் பிரேக்கும் அப்படித்தான், பின் டிஸ்க்கைக் கெடுக்கும். திட்டு உள்ள இடம் இன்னும் சூடாகி 727 டிகிரி தாண்டினால் இரும்பின் உள்ளமைப்பே மாறி அங்கே கெட்டிப்படும். அதுவும் விரிசலுக்கு வழி.

கேள்வி: தண்ணீர் ஊற்றி ஆற்றலாமா?

பதில்: முதல் பதிலைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

கேள்வி: நடுவில் அலுமினியம் வைத்த இரண்டு துண்டு டிஸ்க்?

பதில்: நல்லது. வெளியே உள்ள இரும்பு வளையம் தாராளமாக விரியும், கூம்பாகச் சாயாது. ஆனால் மேல்தோலுக்கும் உள்ளிரும்புக்கும் நடக்கும் சண்டையை அது தீர்க்காது.

கேள்வி: கார்பன் செராமிக்?

பதில்: என் பிழைப்பு இரும்போடு. அதைக் கையாளுகிறவரைக் கேளுங்கள்.

கேள்வி: இருந்தாலும் துளை போட்டது…

பதில்: நான்காவது முறை! துளைக்குப் பதில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டியதை வாங்குங்கள்.

கேள்வி: பார்க்க அழகாக இருக்கிறதே சார்?

பதில்: அதை நான் எங்கே மறுத்தேன்?