கதையை நாடகமாக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருச்சியில் எங்கள் வாசகர் வட்டத்து நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து சிறுகதைகளை மேடையில் நிகழ்த்தத் தொடங்கியிருக்கிறோம். முதல் முறை ஒரு கதையை வசனமாகப் பிரித்து நாடகமாக எழுதிக்கொண்டோம். “கதையில் இருந்தது மேடையில் இல்லையே” என்றார்கள் படித்தவர்கள். அடுத்த முறை ஒருவர் ஓரமாக நின்று கதையை வாசிக்க, மற்றவர்கள் நடித்தோம். பாதியிலேயே கூட்டம் செல்போனை எடுத்துவிட்டது. பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவும் இல்லை. எங்கே பிசகுகிறோம்? எழுத்தாளரிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் பிசகியிருக்கிறது. கதைசொல்லியின் வாக்கியங்களை முதல் முறை தூக்கிப் போட்டுவிட்டீர்கள். இரண்டாம் முறை அவற்றை ஓரத்தில் நின்ற ஒருவர் தலையில் கட்டிவிட்டீர்கள். சிறுகதையின் உயிர் பெரும்பாலும் வசனத்துக்கு வெளியே, சொல்கிற விதத்தில் இருக்கிறது. அந்த வாக்கியங்களை நடிகர்களே சொல்ல வேண்டும்.

இது ஏற்கெனவே நடந்து தேறிய முறைதான். 1975இல் டெல்லியில் நாடக இயக்குநர் தேவேந்திர ராஜ் அங்குர், இந்தி எழுத்தாளர் நிர்மல் வர்மாவின் மூன்று கதைகளை நாடகமாக மாற்றாமல் கதையாகவே மேடையேற்றினார். இந்தியில் ‘கஹானி கா ரங்மஞ்ச்’ (கதையின் அரங்கம்) என்ற அரங்க வகை அதிலிருந்து வளர்ந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 1993இல் தொடங்கிய ‘வேர்ட் ஃபார் வேர்ட்’ குழு, ‘என்றாள்’ ‘என்றான்’ உட்பட ஒரு சொல் விடாமல் கதையை நிகழ்த்துகிறது. நமக்கும் இது அந்நியமில்லை. தெருக்கூத்தில் திரைக்குப் பின்னால் நிற்கும் வேடக்காரர் தன் வரவைப் படர்க்கையிலேயே பாடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

வாக்கியங்களை எப்படிப் பங்கிடுவது? உதாரணத்துக்கு இப்படி ஒரு பத்தி: ‘சண்முகம் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே நின்றபடியே, “யாரு?” என்றார்.’ வெளியே நிற்பவன் பல வருஷம் கழித்து வீடு திரும்பிய மகன் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வாக்கியத்தை மகனுக்குக் கொடுங்கள். திறக்காத கதவு அவன் கண்ட விஷயம். இரண்டாவதைச் சண்முகமே பார்வையாளர்களைப் பார்த்துச் சொல்லட்டும். ‘அவருக்கு’ என்பதை ‘எனக்கு’ என்று மாற்றவே கூடாது. மாற்றினால் அது புலம்பலாகிவிடும். படர்க்கையில் சொன்னால்தான் அவர் தன்னையே விலகி நின்று பார்ப்பது தெரியும். “யாரு?” கதவை நோக்கி. பிறகு அந்த ‘என்றார்’ மகனுக்குப் போகட்டும். அப்பாவின் குரலை அவன் அடையாளம் கண்டுகொள்வது அந்த ஒரு சொல்லில் வந்துவிடும். கதவு செய்ய வேண்டியதில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டடி தள்ளி நின்றால் போதும்.

இந்தப் பங்கீடுதான் உங்கள் இயக்குநரின் முதல் வேலை. யார் கண்ணில் படுகிறதோ, யாருக்கு வலிக்கிறதோ அவருக்கு வாக்கியம் என்று தொடங்குங்கள். ஆளுக்கு நாலு வரி என்று வரிசையாகப் பிரித்தால் பள்ளிக்கூட ஒப்பித்தல் மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது குரல். பின்வரிசைக்குக் கேட்காததற்கு மைக் மட்டும் காரணமாக இருக்காது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. என்ன நடந்தது என்பது அங்கேதான் இருக்கிறது. மூச்சு தீர்ந்துபோகும் இடமும் அதுவே. ‘அவள் கடிதத்தை மடித்து அடுப்பில்’ வரை கணீரென்று வந்து, ‘போட்டாள்’ நெஞ்சுக்குள் போய்விட்டால் பின்வரிசைக்குக் கதையே இல்லை. பிரதியில் வினைமுற்றுகளை எல்லாம் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். நீண்ட வாக்கியத்தில் ‘மடித்து’ போன்ற எச்சத்துக்குப் பின் மூச்சு வாங்கும் இடத்தைக் குறியுங்கள். முதல் இரண்டு ஒத்திகை இதற்கே போனாலும் நஷ்டமில்லை.

எழுத்துத் தமிழை மேடையில் பேச்சுத் தமிழாக்கிவிடலாமா என்று குழுவில் யாராவது கேட்பார்கள். கூடாது. உரைநடை எழுத்துத் தமிழிலும் உரையாடல் வட்டார வழக்கிலும் இருப்பது எழுத்தாளர் வேண்டுமென்றே வைத்த இடைவெளி. செய்தி வாசிப்பு போல ஒலிக்காமலிருக்க, எதிரே இருக்கும் ஒருவரின் கண்ணைப் பார்த்து அவருக்குச் சொல்வதுபோலப் பழகினால் போதும். நெல்லை வழக்கோ கொங்கு வழக்கோ வந்தால், அந்த ஊர்க்காரர் ஒருவரைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். சினிமா கேட்டுப் பழகிய வழக்கு வேண்டாம்.

நடிப்பில் பெரிய தொல்லை, சொன்னதையே செய்துகாட்டுவது. ‘மழை பெய்தது’ என்றதும் விரல்களை ஆட்டுவது, ‘அழுதாள்’ என்றதும் முகத்தை மூடிக்கொள்வது. கேட்பவர் மனதில் படம் விழுவதற்குள் நீங்கள் அதன்மேல் இன்னொன்றை ஒட்டிவிடுகிறீர்கள். கூட்டம் செல்போனை எடுத்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். செயல் வேண்டுமென்றால் சொல்லுக்கு ஒரு நொடி முன்போ பின்போ வரட்டும். பல இடங்களில் அசையாமல் நிற்பதே போதும்.

நேரக் கணக்கு: மேடையில் நிமிடத்துக்குச் சுமார் 90 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,800 சொல் கதைக்கு 20 நிமிடம். அப்படி மூன்று கதைகள், இடைவேளை இல்லாமல் ஒரு மணி நேரம். அதற்குமேல் நாற்காலிகள் கிறீச்சிடத் தொடங்கும். கதை நீளமென்றால் வெட்டாதீர்கள், வேறு கதை எடுங்கள். 20 நிமிடக் கதைக்கு இரண்டு மணி நேர ஒத்திகை குறைந்தது பன்னிரண்டு வேண்டும்: உட்கார்ந்து நாலு, நின்று ஆறு, அரங்கத்திலேயே இரண்டு.

அறுபது எழுபது பேர் அமரும் கூடமென்றால் மைக்கைத் தவிர்க்கப் பாருங்கள். ஒற்றை ஸ்டாண்ட் மைக் வைத்தால் எல்லோரும் அதன் முன் வரிசையில் நிற்க வேண்டிவரும், அசைவு செத்துவிடும். நாற்காலிகளை மூன்று பக்கமும் நெருக்கமாகப் போடுங்கள். உண்மையான எதிரி மின்விசிறி. நடிகர்களின் தலைக்கு மேலே ஓடுவதை நிறுத்திவிட்டு, பார்வையாளர் பக்கம் மட்டும் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். ஒத்திகையையும் விசிறி ஓடும்போதே செய்யுங்கள். பிரதியைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட தாளைக் கெட்டி அட்டைக் கோப்பில் வைத்துக்கொள்ளட்டும். வாக்கியத்தின் நடுவில் பக்கம் புரளக் கூடாது.

அனுமதி பற்றி. எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. 1944இல் மறைந்த கு.ப.ரா.வுக்கும் 1948இல் மறைந்த புதுமைப்பித்தனுக்கும் அது முடிந்துவிட்டது. 1982இல் மறைந்த தி. ஜானகிராமனுக்கு 2042 முடியும்வரை இருக்கிறது. தொழில்முறை அல்லாத குழு, கட்டணமில்லாத பார்வையாளர்கள் முன் நிகழ்த்துவதற்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனாலும் எழுதிக் கேட்டுவிடுங்கள், அது மரியாதை. டிக்கெட் போட்டால் கட்டாயம். நிகழ்ச்சியைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றினால் அந்த விலக்கு பொருந்தாது. கடிதத்தில் அதையும் தனியாகக் கேளுங்கள்.

அடுத்த முறைக்கு ஒரே ஒரு கதை, நாலு நடிகர்கள். மற்ற நாலு பேர் ஒத்திகையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேட்காமல் போன வினைமுற்றுகளைக் குறித்துக் கொடுக்கட்டும்.

அன்புடன்.